நீலக்கோட்டுக் கிண்ணம்

பியூஃபர்ட், சவுத் கரோலினா
1863 ஜூன் 21

அன்புள்ள அண்ணன் குவாஷுக்கு,

தங்கை பைனா சொல்லி எழுத வைப்பது. நானும் மகள் ஃபிபியும் உயிரோடு இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்குக் குளிர்காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். விட்டதா, இல்லையா? நான் சொல்லச் சொல்ல எழுதுவது இங்கே முகாமில் பள்ளிக்கூடம் நடத்தும் வெள்ளைக்கார டீச்சரம்மா. வடக்கேயிருந்து வந்தவள். நல்ல மனசுக்காரி, ஆனால் கங்காணியை நான் திட்டுவதை மட்டும் எழுத மாட்டேன் என்கிறாள். அந்த இடங்களை நீயே நிரப்பிப் படித்துக்கொள்.

நாங்கள் பண்ணையை விட்டு வந்துவிட்டோம் அண்ணா. போன வருஷம் நீ தப்பி ஓடி வடக்குப் பட்டாளத்தில் சேர்ந்தபோது, திரும்பி வந்து எங்களையும் கூட்டிப் போவதாகச் சொன்னாய். நீ காய்ச்சலில் கிடக்க, வேறு பட்டாளம் முந்திக்கொண்டது. காலையில் நெல் வயலில் களைவெட்டிக்கொண்டிருந்தோம். ஆற்றில் புகைப்படகு சங்கு ஊதியது. பார்த்தால் பட்டாளத்து நீலச் சட்டை போட்ட நம் கறுப்பு ஆட்கள், கையில் துப்பாக்கி! கங்காணி குதிரைமேல் ஏறிக்கொண்டு, "காட்டுக்கு ஓடுங்க! வடக்கத்தியான் உங்களைப் புடிச்சு கியூபாவுல வித்துருவான்!" என்று கத்தினான். "நீங்க வித்தா மட்டும் இனிக்குமா ஐயா?" என்று கேட்டேன். அவன் முகத்துக்கு நேரே நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அவன் குதிரையைத் தட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் ஓடிவிட்டான்.

குடிசை அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. பானையை அப்படியே தலையில் தூக்கி வைத்தேன், ஃபிபியை முதுகில் கட்டினேன், ஓடினேன். என் நீலக்கோட்டுக் கிண்ணத்தை மட்டும் விட்டுவிட்டேன். துரை வீட்டுக் குப்பையில் எடுத்தது, விளிம்பு உடைந்திருக்கும். நீ போனபிறகு கிடைத்ததால் உனக்குத் தெரியாது. அதில்தான் நான் தண்ணீர் குடிப்பேன்.

என் புருஷன் லைமஸ் வரவில்லை அண்ணா. அவன் மதகுக்காரன் அல்லவா, எல்லா மதகையும் திறந்து வயலை மூழ்கடி என்று பட்டாளத்து அதிகாரி ஒருவர் அவனை வயல் கோடி மதகுக்கு அனுப்பிவிட்டார். வரப்புமேல் நின்று, "நீ போ பைனா, பின்னாடியே வர்றேன்!" என்று கையை ஆட்டினான். கரையில் ஒரே தள்ளுமுள்ளு. எங்களுக்கு முந்தின துடுப்புப் படகை எல்லோரும் பிடித்துத் தொங்கினதில் அது கவிழ்ந்தது. பெண்களும் பிள்ளைகளும் தண்ணீரில் போனார்கள். எங்களை யாரோ அடுத்ததில் இழுத்துப் போட்டார்கள். புகைப்படகு கிளம்பும்போது கோடி மதகுப் பக்கம் பார்த்தேன். நெல் ஆலை எரிகிற புகைதான் தெரிந்தது.

உன் பட்டாளம் நம் ஆற்றுப் பக்கம் போனால் அவனைத் தேடு. கர்த்தர் உன் காய்ச்சலைத் தணிக்கட்டும்.

பைனா


ஜார்ஜியா கரையோரம், தீவு முகாம்
1863 ஜூலை 17

தங்கச்சி பைனாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீயும் குழந்தையும் சுகம் என்று படிக்கக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடாரத்தில் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். காய்ச்சல் விட்டுவிட்டது. எலும்புதான் மிச்சம். இதை எழுதுவது கார்ப்பரல் எலைஷா. வடக்கே சுதந்திரமாகவே பிறந்தவன். அதனால் களைவெட்டி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. சொன்னால் கோபித்துக்கொள்கிறான், ஆனாலும் எழுதுகிறான்.

இங்கே வேலை ஒன்றேதான். படகில் ஏறு, ஆற்றில் போ, இறங்கு, கொளுத்து, திரும்பு. முதலில் கொளுத்தும்போது எனக்கு ஆட்டம் போடத் தோன்றியது. இப்போது தூக்கம்தான் வருகிறது. போன வாரம் ஒரு பண்ணையின் நெல் களஞ்சியத்தில் தீ வைத்தோம். நெல் பொரிந்து பொரி வாசனை ஆறு முழுக்க அடித்தது. நாங்களோ புழு வைத்த பிஸ்கோத்துத் தின்கிறவர்கள். "மூட்டை கட்டிக்கலாமே ஐயா" என்று கேட்டேன். "படகில் ஆட்களுக்கே இடமில்லை, நெல்லுக்கு எங்கே போக?" என்றார் கேப்டன். அவர் சொன்னதும் சரிதான். அந்த நெல்லை நட்டவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே உள்நாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகப்பட்டிருந்தார்கள். நாங்கள் ஒரு தடவை வந்துவிட்டுப் போனால், மிச்சமிருப்பவர்கள் பாடு அதோகதி என்று இப்போதுதான் புரிகிறது.

லைமஸைத் தேடுகிறேன். அவனைத் தேட நீ சொல்ல வேண்டுமா? எனக்கு இருப்பது ஒரே மச்சான். சாப்பிடு. குழந்தைக்கு உப்புக் காற்று ஆகாது, தலையில் துணி கட்டு.

உன் அண்ணன் குவாஷ்


பியூஃபர்ட்
1863 ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உன் எலும்பில் கொஞ்சமாவது சதை பிடித்ததா? ஃபிபிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வந்து பார்க்கட்டும் என்று பல்லைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறாள். ஆறு வயசுப் பிள்ளைக்கு நான் என்ன சொல்வேன்?

எனக்கு ஆஸ்பத்திரிச் சலவை வேலை. உங்கள் பட்டாளத்துச் சட்டைகளும் வரும். எத்தனை முறை அலசினாலும் புகை நாற்றம் போவதில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. பக்கத்துத் தொட்டிக்காரி, "ஏண்டி, சுதந்திரம் வந்தும் அழுக்குத் துணி போகலியே!" என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள், எனக்குத்தான் சிரிக்கத் தெம்பில்லை.

எங்களுக்குக் கொடுத்த குடிசை ஒழுகுகிறது. மழை பெய்தால் லைமஸ் நினைவுதான். ஒழுகல் என்றால் அவனால் பொறுக்கவே முடியாதே, உனக்குத் தெரியும். மதகில் நண்டு குடைந்த ஓட்டையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வருவான். வந்தவன் சும்மா இருப்பானா? கூரை, வாளி, பானை எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, கந்தல் துணியும் பைன் மரத்துப் பிசின் காய்ச்சின கீலும் வைத்து அடைப்பான். வீடே கீல் நாறும். "உன்னைக் கட்டினதுக்கு ஒரு படகைக் கட்டியிருக்கலாம்" என்று நான் சண்டை போடுவேன். இப்போது அந்த நாற்றம் வந்தால் போதும் என்றிருக்கிறது.

உங்கள் பட்டாளம் நம் ஆற்றுக்குப் போகப் போவதாக ஆஸ்பத்திரியில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா? உண்மையானால் அவனில்லாமல் திரும்பாதே. கர்த்தர் உனக்குத் துணை.

பைனா


தீவு முகாம்
1863 செப்டம்பர் 30

தங்கச்சி பைனாவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

நம் பண்ணைக்குப் போய் வந்தோம். மனசைத் திடப்படுத்திக்கொள். லைமஸ் இல்லை. காய்ச்சல் என்று சொன்னார்கள். ஓக் மரத்தடி இடுகாட்டில் மண்மேட்டைப் பார்த்தேன். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

அழு. ஆனால் ரொம்ப நாள் அழாதே. நீ சின்ன வயசுக்காரி. கம்பளி ஒன்று அனுப்பியிருக்கிறேன், ஓரத்தில் கொஞ்சம் கருகியிருக்கும், ஆனால் கனமானது. கூரையை யாரையாவது வைத்து வேய்ந்துகொள்.

குவாஷ்


பியூஃபர்ட்
1863 அக்டோபர் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை டீச்சரம்மா படித்தாள். படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் உடம்பு எப்படி இருக்கிறது? கம்பளி வந்தது. ஃபிபியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் எழுது. அவன் மேட்டின்மேல் என்ன வைத்திருந்தார்கள்? டீச்சரம்மா இதைக் கேட்டுப் பேனாவை நிறுத்திவிட்டாள். "மேட்டில் என்ன வைப்பீர்கள்?" என்கிறாள். அவர்கள் ஊரில் பூ வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். நான் சொன்னேன்: "செத்தவங்க கடைசியா புழங்கின சாமானை மேல வெக்கணும் அம்மா. குடிச்ச கிண்ணம், தின்ன கரண்டி, எதுவோ அது. இல்லேன்னா அதைத் தேடிக்கிட்டு வீட்டுக்கு வந்துருவாங்க. வெக்கும்போது அடியில ஒரு ஓட்டை போட்டுரணும். சாமானும் செத்தாத்தான் மத்தவங்களை இழுக்காது." அவள் பயந்துபோனாள், பாவம்.

மதகுக் கட்டையை அடிக்கிற அவனுடைய கொட்டாப்புளியை வைத்தார்களா? இல்லை, தண்ணீர் குடிக்கும் சுரைக்குடுவையா? அடக்கம் பண்ண அங்கே யார் மிச்சமிருந்தார்களோ, முறை தெரிந்தவர்களோ இல்லையோ. சரியாக வைக்காமல் விட்டிருந்தால் அவன் அலைவான். அதுதான் எனக்குத் தூக்கம் இல்லை. நீ பார்த்ததை அப்படியே எழுது.

பைனா


தீவு முகாம்
1863 நவம்பர் 2

தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆசை. முறைப்படி எல்லாம் செய்திருக்கிறார்கள், கவலைப்படாதே. மேட்டின்மேல் ஒரு பீங்கான் கிண்ணம் இருந்தது. விளிம்பு உடைந்தது, நீலக் கோடு போட்டது. அடியில் ஓட்டையும் போட்டிருந்தார்கள். என் கண்ணால் பார்த்தேன். அவன் அலைய மாட்டான். நீ தூங்கு.

இங்கே மழை. கார்ப்பரலுக்குப் பல்வலி, அதனால் இவ்வளவுதான்.

குவாஷ்


பியூஃபர்ட்
1863 நவம்பர் 13

குவாஷ் அண்ணா,

உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். இருக்கட்டும், உன்னோடு சண்டை போட ஆள் வேண்டும்.

அது என் கிண்ணம்.

முதல் கடிதத்திலேயே எழுதினேனே, கேட்டாயா, இல்லை கார்ப்பரல் படிக்கும்போது குறட்டை விட்டாயா? லைமஸ் ஒருநாள்கூட அதில் வாய் வைத்ததில்லை. "பொம்பளைக் கிண்ணம், ஒரு மடக்குகூடக் கொள்ளாது" என்று கேலி செய்துவிட்டுக் குடுவையைத் தூக்கிக்கொண்டு போவான். லயம் முழுக்க அது பைனா கிண்ணம் என்று தெரியும். அதைக் கொண்டுபோய் லைமஸ் மேட்டில் வைக்க நம் ஆட்களுக்குப் பைத்தியமா?

என் கிண்ணம் மேலே இருந்தால் அது என் குழி. நான் படகோடு கவிழ்ந்து செத்தேன் என்று நினைத்து எனக்காக மேடு போட்டிருக்கிறார்கள். யார் போட்டது? என் கிண்ணம் எந்தப் பலகையில் இருக்கும் என்று தெரிந்தவன் ஒருத்தன்தான்.

அவன் உயிரோடு இருக்கிறான், நீ பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு வந்து செத்தான் என்று எழுதியிருக்கிறாய். ஏன் அண்ணா? நான் உனக்கு என்ன பண்ணினேன்? ஒரு மாசம் செத்தவனுக்கு அழுதேன். ஃபிபியிடம் நேற்றுத்தான் சொன்னேன், அவள் அந்தப் பல்லை எடுத்து வெளியே எறிந்துவிட்டாள். அதை இப்போது எங்கே போய்த் தேடுவேன்?

உண்மையை எழுது. டீச்சரம்மாவே கோபமாகத்தான் எழுதுகிறாள்.

பைனா


தீவு முகாம்
1863 நவம்பர் 28

அன்புத் தங்கச்சி பைனாவுக்கு,

நீ நலமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

ஆமாம், பார்த்தேன். பண்ணையில் பாதிக் குடிசைகள் காலி. மிச்சமிருந்தவர்களை உள்நாட்டுக்கு ஓட்டிவிட்டார்கள். உடைந்த மதகுகளைச் சரிபண்ண லைமஸையும் கொஞ்சம் பேரையும் மட்டும் வைத்திருந்தார்கள், அரைவயிற்றுக் கஞ்சியில். நான் இடுகாட்டுப் பக்கம் போனேன். அங்கே இரண்டு மேடு, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்னதன்மேல் ஃபிபியின் மரக்கரண்டி. நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் பின்னாலிருந்து வந்தான்.

"வந்துட்டியா மச்சான். லேட்டா வந்துட்டே. ரெண்டு பேரும் போயிட்டாங்கடா."

"யாருடா போயிட்டாங்க?"

"பைனாவும் புள்ளையும். படகு கவுந்துருச்சு. கரையில நின்னவங்க பாத்தாங்க."

"அடப்பாவி! அவ பியூஃபர்ட்ல துணி துவைச்சுக்கிட்டு என்னைத் திட்டிக்கிட்டு இருக்காடா!"

அவன் சிரித்தான். அப்புறம் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்தான் கேட்டேன், "பொணமே இல்லாம எப்படிடா மேடு போட்டே?" என்று.

"மொதல்ல கிண்ணத்தை வெக்கல மச்சான். வெக்காம இருந்தா அதைத் தேடிக்கிட்டாவது வருவாள்ல? ஆவியா வந்தாலும் பரவால்லன்னு பலகையிலயே விட்டு வெச்சேன். வரவே இல்ல. அப்புறந்தான் கொண்டாந்து வெச்சேன்" என்றான்.

வாடா போகலாம் என்று கையைப் பிடித்தேன். வரவில்லை. மின்டா என்றொருத்தி, உனக்குத் தெரியும், நெல் புடைக்கிறவள். அவள் புருஷன் அந்தக் கவிழ்ந்த படகில் போனவன். அப்போதே அவள் முழுகாமல் இருந்தாள். கங்காணி அவளையும் லைமஸையும் ஒரே குடிசையில் போட்டுவிட்டான். முதலில் ஆளுக்கொரு மூலையில் அழுதார்களாம். பிறகு ஒரே மூலையில் அழுதார்களாம். இதற்குமேல் நான் எப்படி எழுத வைப்பேன், கார்ப்பரல் வேறு தலையைக் குனிந்துகொண்டிருக்கிறான். நான் போன அன்றைக்கு அவளுக்கு ஏழு மாசம். எங்களைக் கண்டு பயந்து சதுப்புக்கு அந்தப் பக்கம் நாணலில் ஒளிந்திருந்தாள். சுற்றிப் போய்க் கூட்டி வருவதற்குள் படகு சங்கு ஊதிவிட்டது.

"நான் வந்தா அவ தனியாக் கெடப்பா மச்சான். பட்டினி போட்டே கொன்னுருவானுங்க. நான் செத்துட்டேன்னு பைனாகிட்ட சொல்லிரு. அழுது முடிச்சிருவா" என்றான். அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கினது ஓங்கினபடி நின்றுவிட்டது. எலும்பும் தோலுமாக இருந்தவனை எங்கே அடிப்பது?

செத்தவனுக்கு அழுதால் ஒருநாள் அழுகை ஓயும், இன்னொருத்தியோடு இருக்கிறவனுக்கு அழுதால் ஓயாது என்று நினைத்துத்தான் அப்படி எழுதினேன். என்னைத் திட்டு. பேசாமல் மட்டும் இருக்காதே.

குவாஷ்


தீவு முகாம்
1863 டிசம்பர் 27

தங்கச்சிக்கு,

பதில் இல்லை. நீயும் ஃபிபியும் சுகமா? பியூஃபர்ட்டில் அம்மை என்று சொல்கிறார்கள், அதுவா? கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குப் பன்றிக்கறி போட்டார்கள். எனக்கு இறங்கவில்லை. கார்ப்பரல் என் பங்கையும் தின்றுவிட்டு, தானே முன்வந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறான். திட்டியாவது எழுது.

குவாஷ்


பியூஃபர்ட்
1864 ஜனவரி 25

அண்ணா,

சுகம். நீ சுகமா. அம்மை இல்லை.

இது என் கையெழுத்து. இதை இன்னொருத்தரிடம் சொல்லி எழுத வைக்க எனக்கு வாய் வரவில்லை. எழுதப் படித்துக்கொண்டேன். அதுதான் தாமதம்.

மறுபடி அங்கே போனால் மூன்று பேரையும் கூட்டி வா. அவனை, அவளை, பிள்ளையை. வந்தபிறகு யார் யாரோடு என்று பார்த்துக்கொள்ளலாம். முதலில் வரட்டும்.

பைனா


ஆற்று முகத்துவாரம்
1864 பிப்ரவரி 20

அன்புத் தங்கச்சி பைனாவுக்கு,

நான் நலம். தோளில் ஒரு கீறல், பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தக் கடிதம் வருவதற்கு முன்னாலோ பின்னாலோ மின்டா கைப்பிள்ளையோடு அங்கே வந்து சேருவாள். அவளைத் திட்டாதே.

நேற்றுக் காலை நம் பண்ணை வாய்க்காலில் தட்டைப் படகோடு உள்ளே போனோம். மூன்று பேரும் கிடைத்தார்கள் பைனா. லைமஸுக்கு உன் கடிதத்தைக் கார்ப்பரலை வைத்துப் படித்துக் காட்டினேன். "அவளே எழுதினதா?" என்று லைமஸ் இரண்டு தடவை கேட்டான். பிறகு குடிசைக்குள் ஓடி எதையோ துணியில் சுற்றி எடுத்து வந்து மின்டா மடியில் வைத்தான். வேறு லயத்து ஆட்களும் ஏறிக்கொண்டார்கள். படகு நிறைந்துவிட்டது.

பாரம் ஏறினதும் படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது. கடல் ஓதம் இறங்கித் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிற நேரம் வேறு. கழியை ஊன்றித் தள்ளினோம், இறங்கித் தள்ளினோம், அசையவில்லை. அதற்குள் மரங்களுக்குள்ளிருந்து தெற்குப் படைக்காரர்கள் சுட ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகள் அலறுகின்றன. லைமஸ்தான் சொன்னான், "வயல்ல தண்ணி கட்டி வெச்சிருக்கு மச்சான். மதகைத் தொறந்தா வாய்க்கா ஏறும்" என்று. நான் பிடிப்பதற்குள் குதித்துவிட்டான். இடுப்பளவு சேற்றில் போய் எதிர்க்கரை ஏறி, வரப்புமேல் குனிந்து ஓடினான். கொட்டாப்புளி சத்தம் கேட்டது. மூன்று அடியோ நாலு அடியோ. பிறகு தண்ணீர் வந்தது பைனா. வயல் தண்ணீர் மொத்தமும் வாய்க்காலில் இறங்கினது. படகு தூக்கிக்கொண்டு மிதந்தது, மிதந்த வேகத்தில் ஆற்றுப் பக்கம் அடித்துக்கொண்டு போய்விட்டது. நிறுத்த முடியவில்லை. நிறுத்து என்று நான் கேப்டன் சட்டையைப் பிடித்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டார்.

அவன் மதகுமேல் நின்று கையை ஆட்டினான். "போங்க, பின்னாடியே வர்றேன்!" என்று கத்தினான். மின்டாவும் கேட்டாள். அப்புறம் துப்பாக்கிப் புகை மூடிவிட்டது. அவன் விழுந்ததை நான் பார்க்கவில்லை. விழாததையும் பார்க்கவில்லை. இந்தத் தடவை உன்னிடம் பொய் சொல்லக்கூடாது என்பதால் பார்த்ததை மட்டும் எழுத வைக்கிறேன்.

நான் களைத்துவிட்டேன் தங்கச்சி. கர்த்தர் நம் எல்லோரையும் பார்த்துக்கொள்ளட்டும்.

குவாஷ்


பியூஃபர்ட்
1864 மார்ச் 13

அன்புள்ள அண்ணனுக்கு,

தோள் ஆறிவிட்டதா? சீழ் வைத்தால் மறைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. இங்கே நாங்கள் சுகம். நானே எழுதுகிறேன், அதனால் நாலு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மின்டா வந்தாள். வாசலில் நின்றவள் உள்ளே வரவில்லை. நான் துணி பிழிந்துகொண்டிருந்தேன். என்ன பேச வேண்டும் என்று இத்தனை நாள் மனசுக்குள் எவ்வளவோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன் அண்ணா. அவளைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. காலில் செருப்பில்லை, பிள்ளை பாலுக்கு அழுகிறது, அவளுக்குப் பால் இல்லை.

"அக்கா, நான் வேணா அந்தக் கோடிக் கொட்டகையில படுத்துக்கறேன்" என்றாள்.

"கோடிக் கொட்டகையில கோவேறு கழுதை இருக்கு. அதுகிட்ட நீ எடம் கேக்கணும். உள்ள வா" என்றேன்.

கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். அவள் தூங்கும்போது பார்த்துக்கொண்டே இருந்தேன். இவளுக்காகத்தானே அவன் செப்டம்பரில் வராமல் நின்றான் என்று வயிறு எரிந்தது. அப்போதே வந்திருந்தால் இன்றைக்கு இருப்பானே. பிறகு பிள்ளை அழுதது, எடுத்துத் தோளில் போட்டேன். ஃபிபி அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் பல்லே இல்லம்மா" என்றாள்.

மறுநாள் மின்டா துணி மூட்டையை அவிழ்த்து என் கையில் வைத்தாள். என் நீலக்கோட்டுக் கிண்ணம். நான் கையை உதறிவிட்டேன். குழிமேல் வைத்த சாமானை யாராவது எடுப்பார்களா? எடுத்தால் செத்தவர்கள் பின்னாலேயே வந்துவிட மாட்டார்களா?

"அவரே எடுத்துட்டாருக்கா" என்றாள். "உங்கண்ணன் வந்துட்டுப் போனாருல்ல, அன்னைக்கே. ரெண்டு மேட்டையும் மண்வெட்டியால வெட்டி நெரவிட்டாரு. இருக்கறவளுக்கு எதுக்குடி குழின்னாரு. இதை வீட்டுக்குக் கொண்டாந்து ஓட்டையை அடைக்க உக்காந்தாரு. கீலு ஒட்டலன்னு பேத்துப் பேத்து மறுபடி வெப்பாரு. தண்ணி ஊத்தி வெளிச்சத்துல தூக்கிப் பிடிப்பாரு. நான் ஒண்ணும் கேட்டுக்கலக்கா."

கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு கறுப்புப் பொட்டு, கந்தல் துணியும் கீலும் வைத்து இழைத்து இழைத்து அடைத்தது. மூக்கருகே கொண்டுபோனேன். நம் வீட்டு நாற்றம். அப்போதுதான் உடைந்து அழுதேன் அண்ணா. மின்டாவும் அழுதாள். அவர்கள் அந்தக் குடிசையில் அழுததும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

போன ஞாயிறு ஜெபவீட்டுக்காரர்கள் வந்தார்கள். லைமஸுக்கு ஒரு மேடு போட்டு, அவன் கடைசியாகக் கையாண்ட இந்தக் கிண்ணத்தை மறுபடி ஓட்டை போட்டு மேலே வைத்துவிடலாம், இல்லாவிட்டால் அலைவான் என்றார்கள். மின்டாவும் அதைத்தான் சொன்னாள். "வெச்சிரலாங்கக்கா, அவரு நிம்மதியாத் தூங்கட்டும்" என்று என் காலைப் பிடித்தாள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள்.

நான் மாட்டேன் என்றுவிட்டேன். பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். முன்னொரு தடவை பிணத்தைப் பார்க்காமல் அவன் அவசரப்பட்டு எனக்கு மேடு போட்டான். அவனுக்கு நான் அவசரப்படப் போவதில்லை. ஆளாக வந்தாலும் சரி, ஆவியாக வந்தாலும் சரி, கிண்ணத்தைத் தேடிக்கொண்டு இந்த வீட்டுக்கு வரட்டும்.

அதனால் அதைப் புழங்கிக்கொண்டிருக்கிறோம். நானும் அதில்தான் குடிக்கிறேன், மின்டாவும் அதில்தான் குடிக்கிறாள். தண்ணீரில் கீல் வாடை அடிக்கிறது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

உன் தங்கை பைனா